திருப்பி எடுத்துக்கொண்ட நன்றி

தாம்பரம் கேம்ப் ரோடு சந்திப்பில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோதுதான் அந்த பேனரைப் பார்த்தேன். "போர்முனை கண்ட மாவீரருக்குப் பாராட்டு விழா" என்று கொட்டை எழுத்து. ஒரு பக்கம் விங் கமாண்டர் அருளப்பன் சாரின் இளவயதுப் படம். மறுபக்கம் அவர் வாழ்நாளில் தொட்டே பார்த்திராத புத்தம்புதுப் போர் விமானம், இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியது. கீழே சிறப்பு அழைப்பாளர்கள் வரிசையில் "போர்க்காலச் செவிலியர் மேஜர் ஸ்டெல்லா" என்று என் பெயரும் இருந்தது. நான் மேஜர் ஆனதே இல்லை. லெப்டினன்டாகச் சேர்ந்து கேப்டனாக வெளியே வந்தவள்.

பேனர் வைத்தவர்கள் நல்லவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சிட்லபாக்கம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கணேசன் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மழைநீர் வடிகாலுக்காகக் குடையும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய மனிதர். இரண்டு தெரு தள்ளி ஒரு போர் விமானி குடியிருக்கிறார், எழுபத்தொன்று போரில் ஒரு கிராமத்தையே காப்பாற்றியவராம் என்று எங்கோ படித்துவிட்டு, இவரை இத்தனை நாள் கௌரவிக்காமல் விட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார்.

விழா நடந்த மறு வாரம், நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையின் நர்ஸிங் பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். சார் மேடையில் பேசியதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். "மேடம், அவர் சொன்ன குழந்தையை நீங்கதான் பாத்துக்கிட்டீங்களாமே. எங்க ஸ்டூடண்ட்ஸுக்காக எழுதித் தாங்களேன்" என்றார்கள். இப்போது மாணவிகள் முதலில் பொம்மையின் கையில் ஊசி போட்டுப் பழகுகிறார்களாம். நல்ல விஷயம்தான். பொம்மை கத்தாது.

நான் பல்லாவரத்துக்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தார். எனக்குக் கீழே மூன்று தங்கைகள். நர்ஸிங் முடித்த கையோடு ராணுவ நர்ஸிங் சேவையில் சேர்ந்தேன். கடிதம் வந்த அன்று அம்மா அழுதார், அப்பா இரும்புப் பெட்டி வாங்கிவந்தார். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிக்கவும், கால் வீங்க நிற்கவும், இந்தி பேசவும் கற்றுக்கொண்டேன். பிறகு பஞ்சாபில், எல்லைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது. கற்றுக்கொடுத்தவர் மேட்ரன் குரியன்.

கோட்டயத்துக்காரர். குட்டையான உருவம், உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. வார்டில் ஒருபோதும் உட்கார மாட்டார். எந்த நோயாளியையும் தொடுவதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறோம் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அவர் சட்டம். நினைவில்லாதவனிடமும் சொல்ல வேண்டும். "இவருக்குக் கேக்காதே மேட்ரன்" என்று ஒருமுறை சொன்னேன். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். இன்னொன்று, வார்டில் "பாவம்" என்ற சொல் கூடாது. எந்த மொழியிலும் கூடாது. "பாவம் என்று சொல்கிறவள் ஒரு அடி பின்னால் நிற்கிறாள்" என்பார்.

போர் தொடங்கிய டிசம்பரில் ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். பகலிலும் வார்டு இருட்டாக இருக்கும். எல்லையிலிருந்து வண்டிகள் வந்தபடி இருந்தன. அப்படி ஒரு காலை, ஒரே வண்டியில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் விமானி. மற்றது ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை.

விமானி அருளப்பன், அப்போது பிளைட் லெப்டினன்ட். எல்லைக்கு அப்பால் குண்டு போட்டுத் திரும்பும்போது கீழிருந்து சுட்டதில் விமானம் தீப்பிடித்திருக்கிறது. எல்லை தாண்டி நம் பக்கம் வந்ததும் கைப்பிடியை இழுத்து இருக்கையோடு வெளியே தெறித்திருக்கிறார். அந்த வேகத்தில் முதுகெலும்பு நசுங்கிவிட்டது. ஆளில்லாத விமானம் கொஞ்ச தூரம் தானாகப் பறந்துபோய் ஒரு கிராமத்தின் ஓரத்தில், ஒரு வீட்டின் மேல் விழுந்தது. வீட்டுக்குள் ஒரு தாயும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இருவரும் அங்கேயே இறந்தார்கள். வாசலில் எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த மூத்த பெண் எரிந்த உடம்போடு கிடந்தாள். விபத்து இடத்துக்குப் போன ராணுவ வண்டிதான் அவளையும் தூக்கி வந்தது. தகப்பன் பிரீத்தம் சிங் வயலில் இருந்ததால் தப்பினார்.

அவள் பெயர் ஜீத்தோ. முதுகும் இரண்டு கால்களும் வெந்திருந்தன. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது.

கட்டு மாற்றுவது எப்படி என்று ஆசிரியைகள் கேட்டதால் சொல்கிறேன். அரை மணி முன்னால் வலிக்கு ஊசி. வெதுவெதுப்பான உப்புநீரைப் பழைய கட்டின் மேல் ஊற்றி ஊற வைக்க வேண்டும். சூடு சரியா என்று மேட்ரன் தன் முழங்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்த பிறகுதான் ஊற்றலாம். பிறகு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புதுத்தோல் கட்டோடு வந்துவிடும். துணி தானாக நழுவும்வரை ஊற்ற வேண்டும். அதன் மேல் மெழுகு தடவிய வலைத்துணி, அதன் மேல் பஞ்சு. போர்வை உடம்பில் படாமலிருக்க வளைந்த இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் குளிருக்கு ஒரு மின்விளக்கு. இத்தனைக்கும் நடுவில் ஜீத்தோவிடம் நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன்: இப்போ தண்ணி, இப்போ துணி, இப்போ கொஞ்சம் வலிக்கும். என் இந்தி அவளுக்குப் பாதிதான் புரியும். அவள் பஞ்சாபி எனக்குக் கால்வாசி. அவள் தினமும் கேட்டது ஒரே கேள்வி: "எருமை பால் கறந்துச்சா?"

கறந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரீத்தம் சிங் தினமும் பித்தளைச் செம்பில் பால் கொண்டுவருவார். அவள் இரண்டு வாய் குடிப்பாள். மீதியை அவர் வராந்தாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அருளப்பன் சாரை மரப்பலகைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தோம். எழக் கூடாது, உட்காரக் கூடாது. புரட்ட மூன்று பேர் வேண்டும். மூக்கு வைத்த கோப்பையால் கஞ்சி கொடுப்பேன். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

"எந்த ஊரு சிஸ்டர்?"

"பல்லாவரம் சார்."

"நான் தூத்துக்குடி." கொஞ்ச நேரம் கழித்து, "சிஸ்டர், அந்தப் புள்ள எப்படி இருக்கு?" என்றார். வண்டியில் அவளுடைய முனகலைக் கேட்டபடியேதான் வந்திருக்கிறார். எங்கே விழுந்தது, யார் வீடு என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கொஞ்ச நாளில் மருத்துவர் அனுமதித்ததும், பலகையோடு தள்ளுவண்டியில் ஏற்றி, மதியத்தில் அவரை ஜீத்தோவின் அறைக்குக் கொண்டுபோகத் தொடங்கினோம். அவர்தான் கேட்டார். மேட்ரன் யோசித்து ஒப்புக்கொண்டார். இரண்டு பேராலும் அசைய முடியாது. அவள் குப்புறப் படுத்தபடி, அவர் மல்லாந்தபடி, பக்கம் பக்கமாக. எருமையைப் பற்றிப் பேசுவார்கள். கடலில் எருமை நீந்துமா என்று அவள் கேட்பாள். அவர் தூத்துக்குடிக் கடலில் இல்லாத எருமைகளையெல்லாம் நீந்தவிடுவார். அவள் அவரை வீர்ஜி என்று கூப்பிட்டாள். முதல் நாள், வீரரே என்கிறாளோ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஞ்சாபியில் அதற்கு அண்ணன் என்றுதான் அர்த்தம் என்று அப்புறம் தெரிந்தது.

தான் யார் என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் மேட்ரனிடம் கேட்டார், "மேட்ரன், நான் அவளிடம் சொல்லிவிட வேண்டாமா?"

மேட்ரன் படுக்கையின் கால்மாட்டில் நின்றபடியே பதில் சொன்னார். "சொன்னால் உனக்குப் பாரம் குறையும். அவளுக்கு என்ன குறையும்?"



இதற்குள் வெளியே வேறொரு கதை வளர்ந்துவிட்டது. எரியும் விமானத்தில் கடைசி நொடிவரை உட்கார்ந்திருந்து, ஊருக்கு வெளியே திருப்பிவிட்டபிறகே குதித்தார், அதனால்தான் ஊர் பிழைத்தது, ஒரே ஒரு வீட்டோடு போயிற்று என்று. யார் தொடங்கியது என்று தெரியாது. போர் நேரத்தில் அப்படி ஒரு கதை எல்லோருக்கும் தேவைப்பட்டது. செய்தித்தாளில் வந்தது. ஒரு பெரிய அதிகாரி புகைப்படக்காரரோடு வந்தார். அன்றைக்கே கிராமத்துப் பெரியவர்களும் சாமந்தி மாலைகளும் வெல்லமுமாக வந்துவிட்டார்கள்.

படுத்திருப்பவருக்கு மாலை போட முடியாது. நெஞ்சின் மேல் வைத்தார்கள். சவத்துக்கு வைப்பதுபோல் இருந்தது. "நான் ஒன்றும் செய்யவில்லை, நான் எதையும் திருப்பவில்லை" என்று அவர் இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகாரி சிரித்து, "பார்த்தீர்களா, எங்கள் பையன்கள் இப்படித்தான்" என்றார். பெரியவர்கள் பிரீத்தம் சிங்கை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவரும் ஒரு மாலையை வைத்துக் கைகூப்பி நன்றி சொன்னார். சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். ஆனாலும் அவர் மனசாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். தன் மகளுக்குத் தினமும் கதை சொல்கிற சாகிப் அல்லவா.

அவர்கள் போனபிறகு நான் கோப்பையோடு போனேன். குடிக்கவில்லை.

"சிஸ்டர், உங்ககிட்ட தமிழ்ல சொல்றேன். விமானத்தத் திருப்புற ஸ்டிக் செத்துப்போச்சு. எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையல. காலுக்குக் கீழ நெருப்பு. நான் ஊரையும் பாக்கல, ஒண்ணையும் பாக்கல. அம்மான்னு கத்தினேன். இழுத்தேன். அவ்வளவுதான் நடந்துச்சு."

"சரி சார்."

"சரின்னு சொல்லாதீங்க. நம்புறீங்களா?"

"நம்புறேன்."

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவருக்கு வெப்பமானி வைத்துக்கொண்டிருந்தேன். பிரீத்தம் சிங் தனியாக வந்தார். பால் செம்பு கையிலேயே இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார்.

"சாப், ஒன்று கேட்க வேண்டும். விமானத்தைத் திருப்பிவிட்டபோது, என் வீடு உங்களுக்குத் தெரிந்ததா? ஓரத்தில் இருக்கும், வேப்பமரத்தடியில்."

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அவருக்கு ஒரு கணக்குப் புரிய வேண்டியிருந்தது. ஊருக்காகத் தன் வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்களா என்று தெரிய வேண்டும். தெரிந்தது என்று சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மனிதர் மீதி வாழ்க்கைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். எனக்கே அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

வெப்பமானியை வாயிலிருந்து எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எடுத்தேன்.

"தெரியவில்லை. நான் எதையும் திருப்பவில்லை. ஊரையே பார்க்கவில்லை. பயந்து குதித்தேன். விமானம் தானாக அங்கே போனது."

"எல்லாரும் சொல்கிறார்களே."

"அவர்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்."

 பிரீத்தம் சிங்கின் கையில் செம்பு சாய்ந்து பால் தரையில் சொட்டியது. எனக்குத் துடைக்கத் தோன்றவில்லை. பிறகு அவர் அமைதியாகச் சொன்னார், "நேற்று உங்களுக்கு நன்றி சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்."

கட்டில் தலைமாட்டில் நாலைந்து மாலைகள் தொங்கின. தான் வைத்தது எது என்று தேடி எடுத்துக்கொண்டு போனார். மற்றவற்றைத் தொடவில்லை.

அன்று மதியம் ஜீத்தோவுக்குக் கட்டு மாற்றும்போது, மேல்துணியில் பச்சைக் கறை தெரிந்தது. பழம் அழுகியதுபோல ஒரு இனிப்பு வாடை. புண்ணில் கிருமி ஏறிவிட்டது என்று தெரிய, தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது போதும். மேட்ரன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.  இப்போது இருக்கிற மருந்துகள் அப்போது எங்களிடம் இல்லை.

பிரீத்தம் சிங் மகளிடம் சொல்லிவிட்டிருந்தார். எப்போது, எந்த வார்த்தைகளில் என்று தெரியாது. நாங்கள் கட்டைச் சுற்றி முடிக்கும் நேரம், வெளியே தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அவள் தலையைத் தூக்குவாள். அன்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடிக்குரலில், ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "அவன் வேண்டாம். அவன் வரக் கூடாது."

மேட்ரன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு பாதி திறந்திருந்தது. "குழந்தை தூங்குகிறாள்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு நொடி கழித்துச் சக்கரங்கள் திரும்பிப் போயின.

மறுநாள் காலை சாரை வேறு ஊருக்கு, பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அது முன்பே முடிவாகியிருந்தது. ஜீத்தோவுக்குக் காய்ச்சல் ஏறியது, பிறகு உடம்பு சில்லிட்டது, பிறகு நினைவு தப்பியது. இறந்த அன்று அவளைத் துடைத்துவிட்டவள் நான். துடைக்கும்போதும் சொல்லிக்கொண்டே துடைத்தேன். இப்போ தண்ணி, இப்போ துணி. மேட்ரன் எதிர்ப்பக்கம் நின்று தாங்கிப் பிடித்திருந்தார். "இப்போ வலிக்காது" என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை. தகப்பன் அவளை ஒரு கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வண்டி தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அப்புறம் என் வாழ்க்கை வேறு ஊர்களில் ஓடியது. ராணுவத்திலிருந்து வந்து, திருமணமாகி, தாம்பரம் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அருளப்பன் சாரின் கடைசிப் பணியும் தாம்பரத்தில்தான். ஓய்வுக்குப் பிறகு சிட்லபாக்கத்தில் வீடு கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எனக்கு முன் வரிசையில் ஒருவர், பின்னால் பார்க்கக் கழுத்தைத் திருப்பாமல் இடுப்போடு மொத்தமாகத் திரும்பினார். அந்த முதுகு எனக்குத் தெரியும். "சிஸ்டர் ஸ்டெல்லா" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் பார்த்திருக்கிறோம். மழை, தண்ணீர் லாரி, என் மூட்டுவலி, அவர் மனைவியின் சாவு எல்லாம் பேசியிருக்கிறோம். அந்த டிசம்பரைப் பற்றிப் பேசியதில்லை.

கணேசன் விழாவுக்கு மூன்று முறை கேட்டும் சார் மறுத்துவிட்டார். கடைசியில் மகள் அனிதா, மேடவாக்கத்தில் இருப்பவள், "அப்பா, அவங்க ஆசையா கேக்கறாங்க, ஒரு தடவை வாங்களேன்" என்று கெஞ்சினாள். "வர்றேன். ஆனா நான் பேசணும்" என்றார்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடியோடு முன்வரிசையில் இருந்தார்கள். சால்வை, கேடயம், தேசபக்திப் பாட்டு எல்லாம் ஆயிற்று. பேச அழைத்தபோது சார் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்னைப் பத்திப் போட்டிருக்கிறது உண்மை இல்லை. நான் எந்த ஊரையும் காப்பாத்தல. என் விமானம் ஒரு வீட்டு மேல விழுந்துச்சு. அம்மா, கைக்குழந்தை, ஒரு பொண்ணு, மூணு பேர் செத்தாங்க. நம்ம நாட்டுக்காரங்க. நான் எதையும் திருப்பிவிடல. பயந்துபோய்க் குதிச்சேன். குதிச்சது தப்புன்னு சொல்லல, யாரா இருந்தாலும் குதிப்பாங்க. ஆனா அதுக்குப் பேரு வீரம் இல்லை. தயவுசெஞ்சு என்னை அப்படிக் கூப்பிடாதீங்க."

மண்டபம் அடங்கியது.  கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி முதல் வரிசையில் யாரோ எழுந்து கைதட்ட, மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. கணேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க! நிறைகுடம் தளும்பாதும்பாங்க. இதைவிட ஒரு மாவீரன் வேற எப்படிப் பேசுவான்?" பிள்ளைகள் கொடியை ஆட்டினார்கள்.

சார் உட்கார்ந்துவிட்டார். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முடியும்வரை ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அனிதா எங்கள் இருவரையும் காரில் அழைத்துவந்தாள். நானும் சாரும் பின் இருக்கையில். கேம்ப் ரோடு சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். லாரியிலிருந்து தண்ணீர் ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்" என்றார்.

"சொல்லுங்க சார்."

"அன்னிக்கு ஜீத்தோ தூங்கறான்னு மேட்ரன் சொன்னாங்களே. நெஜமாவே தூங்கினாளா?"

மேட்ரன் காலமாகி வெகுநாளாகிறது. அந்த அறையில் இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் காக்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அப்போதுதான் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள், கேட்ட உண்மையைக் காதில் வாங்காமல் கைதட்டி அனுப்பியிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தோடு சேர முடியாது.

"இல்லை சார். முழிச்சுதான் இருந்தா."

"என்னைப் பாக்க வேணாம்னாளா?"

"ஆமா சார்."

"என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க."

"'அவன் வேண்டாம். அவன் வரக் கூடாது'ன்னா. வீர்ஜின்னு சொல்லல."

அனிதா கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வண்டியை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"அனிதா, போம்மா" என்றார் சார், மெதுவாக. கார் நகர்ந்ததும், "கடைசியில வலி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"கடைசி ரெண்டு நாள் நினைவு இல்லை சார். அதுக்கு முன்னாடி இருந்துச்சு."

"ம்."

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் நான் பயந்தது எதுவும் இல்லை. பெரிய வலிக்குப் பிறகு ஊசி மெல்ல இறங்கும்போது நோயாளிகளின் தாடை தளரும். அப்படித்தான் இருந்தது.

"எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன் சிஸ்டர்" என்றார். "ஆபீசர்கிட்ட, பேப்பர்காரன்கிட்ட, பொண்டாட்டிகிட்ட, இன்னிக்கு இவங்ககிட்ட. யாருமே நான் சொன்னதைக் கேக்கல. அந்த அப்பனும் பொண்ணும்தான் கேட்டிருக்காங்க."

வீட்டு வாசலில் இறங்கும்போது நான் கை கொடுத்தேன். பிடிக்காமல், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினார். சால்வை இருக்கையிலேயே கிடந்தது. அனிதா எடுத்துக்கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். பூசைக்கு முன்னால், அன்றைய திருப்பலி யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று உபதேசியார் வாசித்துக்கொண்டிருந்தார். சவரியம்மாள் ஆன்மா இளைப்பாற, பிள்ளைகள். மரியதாஸ் ஆன்மா இளைப்பாற, மனைவி. இப்படிப் போய்க்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் தடுமாறினார். "பல்பீர் கௌர்" என்று ஜீத்தோவின் அம்மா பெயரை எழுத்துக்கூட்டினார். "ஜீத்தோ" என்றார். யாருடைய உறவினர்கள் என்று ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், முழங்காலிட முடியாத சார் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பெயர்களை அவர் எந்தப் பூசைக்கும் கொடுத்ததில்லை.

மூன்றாவதை வாசிக்க உபதேசியாருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுதியிருப்பது சரிதானா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாசித்தார்: "பெயர் வைக்கப்படாத ஓர் ஆண் குழந்தை."

சரிதான். ஜீத்தோ என்னிடமும் சொல்லியிருக்கிறாள். தம்பியைக் குருத்வாராவுக்குக் கொண்டுபோய்ப் பெயர் வைக்க நாள் பார்த்திருந்தார்களாம். சண்டை முடியட்டும் என்று தள்ளிவைத்திருந்தார்கள்.